ட்ரெய்லர் டயர்: பட்டனைப் பாக்காதீங்க, நம்பரைப் படிங்க

இந்த எபிசோட்ல டயரைப் பத்திப் பேசப்போறோம். கார் டயர் இல்ல, பைக் டயரும் இல்ல. அமெரிக்காவுல பிக்கப் ட்ரக் பின்னாடி ஒரு பெரிய வெள்ளைப் பெட்டியை இழுத்துக்கிட்டுப் போவாங்க, பாத்திருப்பீங்க. உள்ளயே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் இருக்கும். அதுக்குப் பேரு டிராவல் ட்ரெய்லர். இன்னைக்கு அதோட டயர்தான் விஷயம்.

அமெரிக்காவுல இருந்து கேக்குறவங்களுக்கு இது நேரடியா உதவும். நம்ம ஆட்கள் நிறைய பேர் இப்போ பழைய ட்ரெய்லர் வாங்கி நேஷனல் பார்க் சுத்துறாங்க. சென்னை, கோவை, பெங்களூர்ல இருந்து கேக்குறவங்களுக்கும் கடைசியில ஒரு சின்ன வேலை வெச்சிருக்கேன். உங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்குக்குக் கீழ இறங்கிப் போய்ப் பாக்க வேண்டிய வேலை.

முதல்ல முடிவைச் சொல்லிடறேன், அப்புறம் காரணம். ட்ரெய்லர் டயரை மாத்தணுமா, என்ன டயர் போடணும்னு முடிவு பண்ண மூணு நம்பர் போதும். அதோட வயசு, அது தாங்குற எடை, அதுல இருக்குற காத்து. எந்த பிராண்டுங்கிறது நாலாவது கேள்விதான். ஆனா எல்லாரும் நாலாவது கேள்வியைத்தான் முதல்ல கேக்குறாங்க.

ட்ரெய்லர் டயர் ஏன் தனி ஜாதின்னு புரிஞ்சாத்தான் மத்தது புரியும்.

கார் டயர் எப்படிச் சாகும்? ஓடி ஓடித் தேஞ்சு சாகும். பட்டன் மழுங்கிடும், மெக்கானிக் பாத்துட்டு "சார், டயர் போச்சு"ன்னு சொல்லிடுவாரு. ட்ரெய்லர் அப்படி ஓடுறது இல்ல. வருஷத்துல சில வாரம் ஓடும், மீதி நாள் முழுக்க வீட்டு வாசல்லயோ ஸ்டோரேஜ் இடத்துலயோ வெயில்ல நிக்கும். பட்டன் தேயவே தேயாது. ஆனா ரப்பர் உள்ளுக்குள்ள காஞ்சுகிட்டே இருக்கும். ரப்பருக்குள்ள ஒரு மாதிரி மெழுகும் பாதுகாப்பு ரசாயனமும் கலந்திருப்பாங்க. டயர் ஓடி மடங்கி நிமிரும்போதுதான் அது மேல வந்து ரப்பரை ஓசோன்ல இருந்து காப்பாத்தும். நின்னுகிட்டே இருக்குற டயருக்கு அந்தப் பாதுகாப்பு சரியாக் கிடைக்காது. அதனால பாக்குறதுக்குப் புதுசு மாதிரி இருக்குற ட்ரெய்லர் டயர் உள்ளுக்குள்ள கிழவனா இருக்கலாம்.

ரெண்டாவது விஷயம் எடை. உங்க கார்ல பாதி நாள் நீங்க ஒருத்தர்தான் போவீங்க. ட்ரெய்லர் அப்படி இல்ல, அது எப்பவுமே குடும்பத்தோட சுமையைத் தூக்கிக்கிட்டுத்தான் போகும். தண்ணி டேங்க் மட்டும் 40 காலன்னா, அதுவே 150 கிலோ. அதுக்கு மேல பாத்திரம், அரிசி மூட்டை, கிரைண்டர்னு நம்ம வீட்டு ஐட்டம் வேற.

மூணாவது, திருப்பம். ரெட்டை ஆக்சில் ட்ரெய்லர்ல ஒரு பக்கத்துக்கு ரெண்டு சக்கரம், முன்னும் பின்னுமா. ஸ்டியரிங் கிடையாது. கேம்ப் கிரவுண்ட்ல வளைச்சு ரிவர்ஸ் எடுக்கும்போது, ரெண்டு சக்கரமும் ஒரே மாதிரி திரும்ப முடியாம, தரையில பக்கவாட்டுல இழுபட்டுத் தேயும். வெளிய நின்னு பாத்தீங்கன்னா டயர் ரிம்மை விட்டுக் கழண்டு வர்ற மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்கும். உள்ள இருக்குற கம்பி பெல்ட்டுக்கு அது பெரிய அடி.

நாலாவதுதான் எனக்குப் பயமே. ட்ரெய்லர்ல டயர் போனா ஓட்டுறவருக்கு உடனே தெரியாது. கார்ல ஒரு டயர் இறங்கினா ஸ்டியரிங் இழுக்கும், மஞ்சள் விளக்கு எரியும். ட்ரெய்லர்ல? பக்கத்து லேன்ல போறவர் ஹாரன் அடிச்சுக் கை காட்டினாத்தான் உண்டு. அதுக்குள்ள கிழிஞ்ச ரப்பர் சாட்டை மாதிரி சுத்திச் சுத்தி அடிச்சு, சக்கரத்துக்கு மேல இருக்குற மெல்லிசான தரையை உடைச்சு, ஒயரிங், தண்ணிக் குழாய், சில சமயம் கேஸ் லைன் வரைக்கும் பிச்சிடும்.

அந்த மஞ்சள் விளக்குக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. 2000 ஆகஸ்ட்ல ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயரைத் திரும்ப வாங்கிச்சு. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டியில ஓடின டயர். பட்டன் பகுதி அப்படியே உரிஞ்சு வந்து, வண்டி கவுந்து, 270-க்கும் மேற்பட்டவங்க இறந்துபோனதா அரசாங்கக் கணக்கு. டெக்சாஸ், அரிசோனா, ஃப்ளோரிடா மாதிரி சூடான மாநிலங்கள்ல நிறைய நடந்துச்சு. சூடு, வேகம், சுமை, கம்மியான காத்து, எல்லாம் ஒண்ணு சேர்ந்தா என்ன ஆகும்னு அமெரிக்கா அப்போதான் பாத்துச்சு. அதே வருஷம் நவம்பர்ல சட்டம் வந்துச்சு. அதோட விளைவாத்தான் கார்கள்ல காத்து அழுத்தம் குறைஞ்சா எச்சரிக்குற விளக்கு கட்டாயமாச்சு. டயருக்கான சோதனைத் தரமும் கடுமையாச்சு.

ஆனா அந்த விளக்கு ட்ரெய்லருக்குக் கட்டாயம் இல்ல. கடுமையாக்கின அந்தப் புதுத் தரத்துல இருந்தும் 'எஸ்.டி.' டயருக்கு விலக்கு. எஸ்.டி.ன்னா ஸ்பெஷல் ட்ரெய்லர், நாம பேசிக்கிட்டு இருக்குற அதே டயர்தான். அது இன்னும் பழைய தரத்துலதான் பாஸாகி வருது. கார்ல உங்களுக்காகச் சட்டம் பாத்துக்குற சில வேலைய ட்ரெய்லர்ல நீங்கதான் பாத்துக்கணும்.

எப்படிப் பாக்குறதுன்னு ஒரு உண்மைக் கணக்கோட சொல்றேன். 2024 வசந்த காலம். ஆஸ்டின்ல இருக்குற என் நண்பன் ஒரு பழைய ட்ரெய்லர் வாங்கினான். 2016 மாடல், 24 அடி, ரெட்டை ஆக்சில். ஊர்ல இருந்து அப்பா அம்மா விசிட்டர் விசாவுல வந்திருந்தாங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டு பிக் பெண்ட் நேஷனல் பார்க் போகணும்னு திட்டம். ஒரு வழிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேல. கடைசி நூறு கிலோமீட்டர் பாலைவனம், போன் சிக்னல் கூட ஒழுங்கா வராது.

"மச்சி, பட்டன் பாரு, அப்படியே புதுசு. வித்தவரும் டயர் சூப்பர்னுதான் சொன்னாரு"ன்னான். வித்தவர் பொய் சொல்லல. பட்டன் உண்மையிலேயே புதுசு மாதிரிதான் இருந்துச்சு.

முதல் நம்பர், வயசு. டயரோட பக்கச் சுவர்ல 'டி.ஓ.டி.'ன்னு ஆரம்பிச்சு ஒரு நீளமான எழுத்து வரிசை இருக்கும். அதோட கடைசி நாலு இலக்கம்தான் பிறந்த தேதி. முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். இந்த முழு வரிசை டயரோட ஒரு பக்கத்துல இருந்தாலே போதும்னு விதி. அதனால சில சமயம் அது உள்பக்கம் திரும்பி இருக்கும். செல்போன் டார்ச்சைப் போட்டுக்கிட்டு அடியில படுத்துத்தான் படிக்கணும். நாங்களும் அப்படித்தான் படிச்சோம். 4115. அப்படின்னா 2015-ஓட 41-வது வாரம், அதாவது அக்டோபர். ட்ரெய்லர் ஃபேக்டரியில இருந்து வந்தப்போ போட்ட அதே டயர், எட்டரை வயசு.

எத்தனை வயசு வரைக்கும் ஓட்டலாம்? கார், டயர் கம்பெனிகள்ல சிலது ஆறு வருஷம்னு சொல்லும், சிலது அதிகபட்சம் பத்துன்னு சொல்லும். ட்ரெய்லர் வெச்சிருக்குற அனுபவசாலிங்க அஞ்சு வருஷம் தாண்டினாலே மாத்திடுவாங்க, காரணத்தை மேல சொல்லிட்டேன். நான் வெச்சிருக்குற கணக்கு: மூணு வயசுல இருந்து ஒவ்வொரு சீசனும் உள்பக்கம் உட்பட நல்லா சோதிக்கணும், அஞ்சாறு வயசுல மாத்திடணும், பட்டன் எப்படி இருந்தாலும் சரி.

ரெண்டாவது நம்பர், எடை. அதே பக்கச் சுவர்ல டயர் அளவு இருந்துச்சு: எஸ்.டி. 205/75 ஆர் 14. பக்கத்துல லோடு ரேஞ்ச் சி. அதிகபட்சம் 1,760 பவுண்டு, 50 பி.எஸ்.ஐ. காத்துல. கிலோவுல சொன்னா ஒரு டயர் கிட்டத்தட்ட 798 கிலோ தாங்கும். நாலு டயரும் சேர்ந்து 7,040 பவுண்டு. ட்ரெய்லரோட ரெண்டு ஆக்சிலும் சேர்ந்து தாங்குற வரம்பு 7,000 பவுண்டு. வித்தியாசம் 40 பவுண்டு. அதாவது 18 கிலோ. ஒரு அரிசி மூட்டை கூட இல்ல!

இது ஏதோ ஒரு கம்பெனி பண்ண தில்லுமுல்லு இல்ல, அந்தக் காலத்துல சட்டப்படி அது போதும். 2017-ல இருந்துதான் அமெரிக்க ஆர்.வி. தயாரிப்பாளர் சங்கம், டயர்ல குறைஞ்சது 10 சதவீதம் உபரி தாங்குசக்தி இருக்கணும்னு தன் உறுப்பினர்களுக்கு விதி போட்டுச்சு. அதுக்கு முன்னாடி செஞ்ச ட்ரெய்லரை வாங்குறீங்கன்னா இந்தக் கூட்டலை நீங்களே போட்டுப் பாருங்க.

சரி, உண்மையில எவ்வளவு எடை இருக்கு? ஊகிக்க வேண்டாம், எடை போடலாம். ஹைவே ஓரத்து ட்ரக் ஸ்டாப்கள்ல கேட் ஸ்கேல்னு ஒரு எடை மேடை இருக்கும், லாரிக்காரங்க பயன்படுத்துறது. நீங்களும் போகலாம், செலவு ஒரு நல்ல சாப்பாட்டு விலைதான். இழுக்குற வண்டியோட முன் ஆக்சில், பின் ஆக்சில், ட்ரெய்லர் ஆக்சில்னு தனித்தனியா எடை வரும். பயணத்துக்குப் போற மாதிரியே தண்ணி, கேஸ், சாமான் எல்லாம் ஏத்திக்கிட்டுப் போகணும், அதுதான் முக்கியம்.

நண்பனோட ட்ரெய்லர் ஆக்சில்கள் மேல 6,240 பவுண்டு இருந்துச்சு. நாலால வகுத்தா 1,560. பரவாயில்லன்னு தோணும். ஆனா எடை சமமாப் பரவி இருக்காது. சமையலறை, ஃப்ரிட்ஜ், வெளிய தள்ளித் திறக்குற அறை எல்லாம் ஒரே பக்கம் இருந்தா அந்தப் பக்கம் கனக்கும். பக்கவாட்டுல இடம் இருக்குற ஒரு மேடையில, அங்க இருந்தவர்கிட்ட கேட்டு, ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் ஏத்தி எடை போட்டோம். கனமான பக்கம் 3,300 பவுண்டு, இன்னொரு பக்கம் 2,940. கனமான பக்கத்துல ஒரு டயருக்கு 1,650. அதோட வரம்பு 1,760. கிட்டத்தட்ட 94 சதவீதம், எட்டரை வயசு டயர்ல.

இப்போ மூணாவது நம்பர், காத்து. 1,760-ங்கிறது 50 பி.எஸ்.ஐ. இருந்தாத்தான். அதே டயர் 45-ல 1,640 பவுண்டுதான் தாங்கும், 40-ல 1,530. நம்ம கனமான பக்கத்துக்கு வேண்டியது 1,650. அப்போ அஞ்சே அஞ்சு பி.எஸ்.ஐ. குறைஞ்சா அந்த டயர் ஓவர்லோடு. அஞ்சு பி.எஸ்.ஐ. குறைஞ்சதைக் கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க யாராலயும் முடியாது. காலால உதைச்சுப் பாக்குறவங்க இருக்காங்க, கால்தான் வலிக்கும்.

இதைக் காகிதத்துல எழுதிக் காட்டினதும் நண்பன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டது நியாயமான கேள்வி: "சரி, என்னத்தைப் போடறது?"

இங்கதான் மாத்து டயர் தேர்வு ஆரம்பிக்குது. ஒண்ணொண்ணா வர்றேன்.

அளவை மாத்த வேண்டாம், தாங்குசக்தியை ஒரு படி ஏத்தணும். அதே 205/75 ஆர் 14 அளவுலயே லோடு ரேஞ்ச் டி கிடைக்குது. 65 பி.எஸ்.ஐ.ல 2,040 பவுண்டு தாங்கும். 1,650-ஐ அதோட ஒப்பிட்டா 81 சதவீதம். கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு உபரி. ஒரு ஆணி குத்தி மெதுவா காத்து இறங்கினாலும், ஒரு பள்ளத்துல விழுந்தாலும், நமக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். விலையில பெரிய வித்தியாசம் இல்ல. பெரிய ட்ரெய்லருக்கும் இதே கணக்குதான்: 225/75 ஆர் 15-ல சி வகை 2,150, டி வகை 2,540, இ வகை 2,830 பவுண்டு.

ஆனா டயரை மட்டும் ஏத்தினா போதாது. ரிம்முக்கும் வரம்பு உண்டு. சக்கரத்தோட பின்பக்கம் எடை வரம்பு அச்சடிச்சிருக்கும், சிலதுல காத்து வரம்பும் இருக்கும். அதைப் படிக்காம 80 பி.எஸ்.ஐ. டயரைப் போட்டு, ரிம் அதைத் தாங்கலன்னா புதுப் பிரச்சனைய விலை கொடுத்து வாங்கின மாதிரி. வால்வும் அப்படித்தான். சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைக்கும்தான். அதுக்கு மேலன்னா உலோக வால்வு கேளுங்க. 65-லயே ஓட்டினாலும் உலோகம் நல்லது. இன்னொண்ணும் மறக்காதீங்க: டயர் அதிகம் தாங்குதுங்கிறதுக்காக ட்ரெய்லர்ல அதிகம் ஏத்தக் கூடாது. ஆக்சில் பழைய ஆக்சில்தான்.

அடுத்து, எந்த வகை. கடையில மூணு வகை காட்டுவாங்க. சாதாரண கார் டயர், எல்.டி.ன்னு சொல்ற லைட் ட்ரக் டயர், அப்புறம் எஸ்.டி. டயர். கார் டயரைத் தவிர்த்துடுங்க. அதைப் ட்ரெய்லர்ல போட்டா அதோட எடை வரம்பை 1.1-ஆல வகுத்துக் குறைச்சுத்தான் கணக்கு போடணும்னு அமெரிக்க விதியே இருக்கு. பக்கச் சுவரும் மெல்லிசு, திருப்பத்துல முறுக்குறதைத் தாங்காது.

எல்.டி. டயருக்கு நிறைய ரசிகர்கள் உண்டு. நான் சொன்ன அந்தக் கடுமையான சோதனையில பாஸானது அது. ஆனா ஒரே அளவுல எல்.டி. கம்மியாத்தான் தாங்கும். 235/85 ஆர் 16, லோடு ரேஞ்ச் இ எடுத்துக்கங்க. எல்.டி. 3,042 பவுண்டு, எஸ்.டி. 3,640 பவுண்டு. அதனால 16 இஞ்ச் சக்கரம் இருந்து, எடைபோட்ட பிறகும் எல்.டி.யில நல்ல உபரி இருந்தா, அது நல்ல தேர்வு. 14, 15 இஞ்ச்ல நமக்கு எஸ்.டி.தான் வழி.

ஒரே அளவு டயர் எப்படி அவ்வளவு அதிகம் தாங்குது? மந்திரம் ஒண்ணும் இல்ல. மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டருக்கு மேல போகமாட்டாங்கன்னு வெச்சுத்தான் எஸ்.டி. டயரோட எடைக் கணக்கையே போட்டாங்க. வேகத்தைக் குறைச்சு எடையை வாங்கினாங்க. இன்னைக்கு வர்ற நிறைய எஸ்.டி. டயர்ல வேக எழுத்து இருக்கு: எல்-னா 75 மைல், எம்-னா 81, என்-னா 87. அதிக வேக எழுத்து உள்ளதை வாங்குங்க, ஆனா 65-லயே ஓட்டுங்க. அந்த வித்தியாசம் சூட்டுக்கான சேமிப்பு. மேற்கு டெக்சாஸ்ல ஐ-10 நெடுஞ்சாலையில வேக வரம்பு பல இடத்துல 80 மைல். கலிஃபோர்னியாவுல ட்ரெய்லர் இழுத்தா 55-தான் சட்டம். ரோடு அனுமதிக்குற வேகத்தைப் பாத்து ஓட்டக் கூடாது, டயர் அனுமதிக்குற வேகத்தைப் பாத்து ஓட்டணும்.

இப்போ வாங்க, எல்லாரும் முதல்ல கேக்குற பிராண்டு கேள்விக்கு. ட்ரெய்லர் உலகத்துல 'சைனா பாம்'னு ஒரு வார்த்தை ரொம்பப் பிரபலம், மலிவா வர்ற டயர் வெடிக்கும்ங்கிற அர்த்தத்துல. அதுல அனுபவமும் இருக்கு, பாதி வதந்தியும் இருக்கு. ஏன்னா வெடிச்ச டயர்ல எத்தனை எட்டு வயசு, எத்தனை ஓவர்லோடு, எத்தனை காத்து கம்மின்னு யாரும் எழுதி வைக்கிறது இல்ல. குட்இயர் எண்டூரன்ஸ், மேக்சிஸ், கார்லைல்னு பேர் அடிக்கடி அடிபடும். எதை வாங்கினாலும் நாலு கேள்வி கேளுங்க. உங்க அளவுல, உங்களுக்கு வேண்டிய லோடு ரேஞ்ச்ல இருக்கா? வேக எழுத்து என்ன? வாரண்டி எத்தனை வருஷம், வழியில வெடிச்சா யாரைக் கூப்பிடணும்? அந்தக் கம்பெனியோட டயர் மேல ரீகால் ஏதாவது இருக்கா? கடைசிக் கேள்விக்குப் பதில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தோட தளத்துல இலவசமாக் கிடைக்கும்.

கடையில கேக்க வேண்டிய அஞ்சாவது கேள்வி ஒண்ணு இருக்கு, அதுதான் முக்கியம்: "பொருத்துறதுக்கு முன்னாடி தேதியைக் காட்டுங்க." புது டயர்னாலே நேத்து செஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. குடோன்ல ரெண்டு வருஷம் தூங்கின டயரும் 'புதுசு'தான். எங்களுக்கு முதல் கடையில எடுத்துக் காட்டினது ரெண்டு வயசு டயர். "எல்லாம் ஒண்ணுதான் சார்"னாரு. ஒண்ணு இல்ல, அஞ்சு வருஷ ஆயுள்ல ரெண்டு வருஷம் போச்சு. அடுத்த கடையில மூணு மாச டயர் கிடைச்சுது. அதே விலை.

ஸ்டெப்னியையும் மறக்காதீங்க. நாங்க அஞ்சும் மாத்தினோம். பின்னாடி தொங்குற ஸ்டெப்னி ஒரு கிலோமீட்டர் கூட ஓடியிருக்காது, ஆனா அதுக்கும் எட்டரை வயசுதான். அவசரத்துல அதைப் போட்டா, கூடப் பிறந்த டயர் வெடிச்ச இடத்துல அதோட ரெட்டைப் பிள்ளைய நிறுத்தின மாதிரி.

மொத்தம் கிட்டத்தட்ட 700 டாலர் ஆச்சு. நல்லா இருக்குற மாதிரி தெரியுற பொருளைத் தூக்கிப் போட 700 டாலர் கொடுக்க மனசு வராது, எனக்கும் புரியுது. அவங்க அப்பாவே, "தம்பி, ஊர்ல இந்த டயரை வெச்சு இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டுவாங்க"ன்னு சொன்னாரு. பழைய டயரைக் கழட்டினப்போ ரெண்டுல உள்பக்கச் சுவர் முழுக்க மெல்லிசா வெடிப்பு ஓடியிருந்துச்சு, வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது. அப்பா விரலால தடவிப் பாத்துட்டு, "சரி, மாத்து"ன்னாரு. அந்தப் பழைய டயர்லயே போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒண்ணும் ஆகாமக் கூட இருந்திருக்கலாம். டயர் விஷயத்துல நாம காசு கொடுக்குறது நடக்காம இருக்கப்போற ஒண்ணுக்குத்தான். ஆனா அப்பா அம்மாவை வண்டியில உக்கார வெச்சுக்கிட்டு, பின்னாடி மூணு டன்னை இழுத்துக்கிட்டு, அந்தச் சோதனைய யாரு பண்ணுவாங்க?

புது டயர் போட்ட பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனா விடக் கூடாது.

வீல் நட்டை டார்க் ரெஞ்ச் வெச்சு, ட்ரெய்லர் கையேட்டுல சொன்ன அளவுக்கு முடுக்கணும். முதல் 50 மைலுக்குள்ள ரெண்டு மூணு தடவை நிறுத்தி மறுபடியும் சோதிக்கணும். புதுசா மாட்டின சக்கரத்துல நட்டு தளர்றது சகஜம்.

காத்தைக் காலையில, வண்டி நகர்றதுக்கு முன்னாடி, வெயில் படுறதுக்கு முன்னாடி பாக்கணும். அதைத்தான் 'கோல்டு பிரஷர்'னு சொல்றாங்க. எஸ்.டி. டயருக்குப் பொதுவா பக்கச் சுவர்ல போட்டிருக்குற அதிகபட்ச அழுத்தத்தையே வைக்கச் சொல்வாங்க, ரிம்மும் வால்வும் அதைத் தாங்கினா. ஓடின பிறகு அழுத்தம் ஏறும், அது இயற்கை. 10 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு ஏறினா கிட்டத்தட்ட 2 சதவீதம் ஏறும். ஏறிடுச்சேன்னு வழியில காத்தை இறக்கி விடாதீங்க. மறுநாள் காலையில பாத்தா கம்மியா இருக்கும், அதுதான் ஆபத்து.

சட்டம் தராத அந்த மஞ்சள் விளக்கை நீங்களே வாங்கிக்கலாம். வால்வுல திருகிப் பொருத்துற சென்சார் செட்டு கிடைக்குது. டேஷ்போர்டுல ஒரு சின்ன திரை வெச்சா நாலு சக்கரத்தோட அழுத்தமும் சூடும் தெரியும். ஒரு டயரை விடக் கொஞ்சம் அதிக விலைதான், ஆனா அதுக்கப்புறம் பக்கத்து லேன்காரரோட ஹாரனை நம்ப வேண்டியதில்ல.

டயரைக் கம்பெனியில பதிவு பண்ணுங்க. கடைக்காரர் அதுக்கான படிவம் தரணும். ரீகால் வந்தா உங்களுக்குத் தகவல் வர அதுதான் வழி.

ஒருவேளை ஒரு டயர் வெடிச்சே போச்சுன்னா, பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க. ஸ்டியரிங்கை நேராப் பிடிச்சு, ஆக்சிலேட்டரை மெதுவா விட்டு, ஓரம் கட்டுங்க. ரெட்டை ஆக்சில்ல ஒரு டயர் போனா, அதே பக்கத்து அடுத்த டயர் அந்த நேரம் முழுக்க ரெண்டு பேரோட சுமையையும் தூக்கியிருக்கும். அதையும் சோதிக்காம, முடிஞ்சா மாத்தாம, தொடர்ந்து போகாதீங்க.

இப்போ ஊர்ல இருந்து கேக்குறவங்களுக்கு நான் சொன்ன வேலை. நம்ம நாட்டு டயர்லயும் இதே நாலு இலக்கத் தேதி இருக்கு. ட்ரெய்லர் கதை உங்க வீட்லயும் நடக்குது. அப்பா ரிட்டயர் ஆன பிறகு வாரம் ஒரு தடவை கோயிலுக்கு மட்டும் எடுக்குற கார், வொர்க் ஃப்ரம் ஹோம் வந்ததுல இருந்து பார்க்கிங்லயே நிக்கிற ஸ்கூட்டர். பட்டன் நல்லா இருக்கும், கிலோமீட்டர் கம்மியா இருக்கும், அதனால யாருக்கும் சந்தேகம் வராது. பொங்கலுக்கு அஞ்சு பேர், டிக்கி நிறைய லக்கேஜ், மத்தியான வெயில்ல நான்கு வழிச் சாலையில நூறு கிலோமீட்டர் வேகத்துல போகும்போதுதான் அந்த டயருக்கு உண்மையான பரீட்சை.

இன்னைக்குக் கீழ போய் டார்ச் அடிச்சு நாலு டயரும் ஸ்டெப்னியும் பாருங்க. கடைசி நாலு இலக்கத்தை போன்ல எழுதி வெச்சுக்கங்க. ஆறு வயசு தாண்டியிருந்தா அடுத்த நீண்ட பயணத்துக்கு முன்னாடி நல்ல டயர் கடையில காட்டுங்க. கதவோரத்துல ஒட்டியிருக்குற அழுத்த நம்பரை, காலையில காத்து பிடிக்கிற அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க. அவரா ஒரு நம்பர் வைக்க விடாதீங்க.

உங்க டயர்ல எந்த வருஷம் இருந்துச்சுன்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க, ரொம்பப் பழைய டயர் யாருதுன்னு அடுத்த எபிசோட்ல சொல்றேன். பத்திரமா ஓட்டுங்க.